பக்கத் திரைக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது

“ஹலோ… அண்ணா, நான்தான். எனக்கு அந்த விளக்குக்காரி வேஷம் வேணும். … ஆமா, இன்னைக்குச் சாயங்காலமே.”

சொல்லிவிட்டாள். அந்த நாடகக் குழுவில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாத வாக்கியம் அது. வேஷத்தைக் கேட்டு வாங்கினால் விளங்காது என்பது, வேறு எதையுமே நம்பாதவர்கள்கூட அங்கே நம்பிய ஒன்று. இயக்குநர் அண்ணா கொடுப்பார், கொடுத்ததைப் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். அவள் சேர்ந்த அன்றே காதில் ஓதிவிட்டார்கள். வீட்டில் அம்மா அதையே வேறு மாதிரி ஓதி வளர்த்திருந்தாள்: தட்டில் விழுந்ததைத் தின்னு, கையை நீட்டாதே.

“… ஆமா. … ஆமா, ஆமாண்ணா. உங்க காதுக்கு ஒண்ணுமில்ல, சரியாத்தான் கேட்டுச்சு. … கேக்கக் கூடாதுன்னு தெரியும். தெரியாம கேட்டா தப்பு, தெரிஞ்சு கேட்டா திமிரு. திமிருன்னே வச்சுக்குங்க. … எங்கேயும் போகல, அரங்கத்துலதான் இருக்கேன். டிக்கெட் குடுக்கற ரூம்ல. … காய்ச்சலா? எனக்கா? வாசல்ல எல்லாருக்கும் நெத்தியில காட்டிப் பாக்கற மெஷினே என் கையிலதாண்ணா இருக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

தொற்று பரவத் தொடங்கியபோது பூட்டிய அரங்கம், அன்றைக்குத்தான் மறுபடி திறக்கிறது. திறக்க வைத்தவள் அவள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். பொறியியல் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளை, படித்த பெண்ணாயிற்றே, இதையும் பார்த்துவிடு என்று குழுவே தள்ளிவிட்டிருந்தது. பார்த்தாள். பெயின்ட் பூசிப் பூசி ஒட்டிப்போயிருந்த ஜன்னல்களை உளியால் நெம்பித் திறந்தாள். நாற்காலிகளில் ஒன்று விட்டு ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டினாள். பின்சுவரில் காற்றை வெளியே தள்ளும் விசிறியை மாட்டினாள். ஒரு துண்டுக் கயிற்றைப் புகைய விட்டு, புகை எந்த வழியாகப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று மூலைமூலையாக நின்று பார்த்தாள்.

ஆனால் நாடகத்தில் அவள் வேலை வேறு. மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நின்று, கதாநாயகிக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது. அந்த விளக்குக்காரிதான் கதாநாயகி; போடுவது பட்டு. குழு வைத்த செல்லப் பெயர். பட்டுக்கு முகம் வரும், குரல் வரும், நடை வரும். மனப்பாடம் மட்டும் வராது.

“… திடீர்னு ஏன் கேக்கறேனா? திடீர்னு இல்லண்ணா. இத்தனை வருஷமா தொண்டைக்குள்ளயே கெடக்கு. மொத்த நாடகமும் எனக்குத்தான் தெரியும். அவ பேசறது, படகுக்காரன் பேசறது, கதவு தட்டற சத்தம் எங்க வரணுங்கறது வரைக்கும். … பட்டு நல்லா நடிக்கிறாளா? … ஆமா. … ஆமா, ஆமா, நல்லாத்தான் நடிக்கிறா. அதானே வயித்தெரிச்சலே! … பொறாமையா? பின்ன, சந்தோஷம் தாங்காமலா போன் போட்டேன்? பொறாமைதான். நல்ல கெட்டிப் பொறாமை. நோட்டீஸ்ல அவ மூஞ்சி. கடைசியில கும்பிடு போடறது அவ. நான் அந்த நேரத்துல தரையில உக்காந்து வசனக் காகிதத்தைப் பொறுக்கிட்டு இருப்பேன். வெளிய வந்தா, 'நீயும் நாடகத்துல இருக்கியாம்மா, டீ குடுக்கறியா'ன்னு கேக்கறாங்க.”

அவள் எழுந்து நின்றாள். அந்தச் சின்ன அறையில் நடக்க இடமில்லை. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“… இருங்க, நான் முடிச்சுடறேன். அந்த மூணாவது காட்சி. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கடலைப் பாத்துட்டு நிப்பாளே? 'அந்த மௌனத்துக்கே தனியா டிக்கெட் போடலாம்'னு பேப்பர்ல ஒருத்தன் எழுதினான். நீங்க அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினீங்க. அது என்ன மௌனம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வசனம் மறந்துபோய், நான் எப்ப எடுத்துக் குடுப்பேன்னு காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறா. நான் வாய் தெறக்கற வரைக்கும்தான் அந்த மௌனம். அது என் மௌனம்ணா! … சிரிக்காதீங்க. … சிரிக்காதீங்கன்னேன்.”

போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே ஒரு தடவை முறைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

“… என்னது? … திருப்பிச் சொல்லுங்க. … அவளைக் கவுக்கத்தான் அந்த விதியைப் போட்டேனா? … அண்ணா, பக்கத் திரைக்குப் பின்னால யாரும் நிக்கக் கூடாதுன்னு நான் சொன்னது, அந்த மூலையில காத்தே நகரலைன்னு. புகை அங்கேயே சுத்திச் சுத்தி நின்னுச்சே, நீங்களும் பக்கத்துல நின்னு இருமினீங்களே, மறந்துபோச்சா? அந்த மூலையில நின்னு ஒருத்தி நாடகம் பூரா இன்னொருத்தி மூஞ்சிக்கு நேரா கிசுகிசுன்னு பேசினா என்ன ஆகும்? … ம். … ஆமா. ஆமாண்ணா, வீட்டுக்குப் போய்ச் சிரிச்சேன். இனிமே இவ என்ன பண்ணுவான்னு நெனச்சுத் தலையணையில மூஞ்சியை அழுத்திக்கிட்டுச் சிரிச்சேன். நான் சிரிச்சுட்டேங்கறதுக்காக அங்க காத்து நகர ஆரம்பிச்சுடுமா? ரெண்டும் நெசம்தான்.

… காதுல மாட்டற மெஷினா? அவ காதுல அது, நான் இந்த ரூம்ல உக்காந்து போன்ல படிக்கணுமா? அட! இதுவரைக்கும் திரைக்குப் பின்னால வச்சீங்க, இனிமே செவுத்துக்குப் பின்னாலயா? … ஓ. அதையும் போட்டுப் பாத்தாச்சா. … காதுக்குள்ள யாரோ பேசினா பயமா இருக்குதாமா? அழுதுட்டாளா? பாவம், மகாராணிக்கு. அப்ப எதுக்கு அதை என்கிட்ட சொல்றீங்க?

… சொல்லுங்க. … ம். … ம். … பகல் காட்சியா?”

குரல் இறங்கிவிட்டது. அவளுக்கே அது பிடிக்கவில்லை.

“… அடுத்த மாசத்துலேர்ந்து பகல் காட்சிக்கெல்லாம் நானா? … விளையாடாதீங்கண்ணா. … நெசமாவா? … உடுப்பு? அவளோடதைப் பிடிச்சுத் தைக்கறதா, எனக்குன்னு தனியாவா? … தனியாவா.”

இடது கை தானாக உயர்ந்தது. விளக்குக்காரி முதல் காட்சியில் விளக்கைத் தூக்கிப் பிடிக்கும் உயரம் அதுதான். பகல் காட்சிக்குக் கூட்டம் குறைவாகத்தான் வரும். வரட்டுமே. பத்துப் பேர் வந்தாலும் அந்தப் பத்துப் பேரும் அவளைத்தானே பார்ப்பார்கள்.

“… அதுக்கு? … இன்னைக்கு மட்டும். … இன்னைக்கு மட்டும் நான் அவ பக்கத்துல நிக்கணும், பழையபடி. … மாஸ்க் போட்டா வார்த்தை அமுங்கிப்போகுது, அதனால கழட்டிட்டு. … ரோட்டுச் சத்தத்துல நான் சொல்றது அவளுக்குக் கேக்காது, அதனால அந்தப் பக்கத்து ஜன்னலையும் சாத்திட்டு.”

உயர்ந்திருந்த கையை இறக்கிக்கொண்டாள். அவளுடைய அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஏணியில் ஒரு கையில் வாளியோடு பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுகிற மனிதர். அந்தத் தொற்று வந்து பிழைத்து வந்தபின், பல் துலக்கிவிட்டுக் கட்டிலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யாராவது பார்த்தால், பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் சுவரைத் தடவுவார்.

“… இருக்கேண்ணா. லைன் கட்டாகல. … யோசிக்கறேன். … யோசிச்சாச்சு. முடியாது. … எங்கப்பா மூச்சைக் குடுத்து நான் வேஷம் வாங்க முடியாது. அவர்கிட்ட மிச்சமிருக்கறதே கொஞ்சம். … ஒண்ணும் ஆகாதா? ஆகாதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா? முன்வரிசைக்கு வர்றவங்க வீட்டுலல்லாம் யாரு யாரு படுத்திருக்காங்களோ. … ஆமா, பெருசாத்தான் பேசுவேன். படிச்ச பொண்ணாச்சேன்னு நீங்கதானே தூக்கி வச்சீங்க? … இருங்க, பின்னால என்ன சத்தம்? … யாரு அது? … போனை யாருகிட்ட குடுக்கறீங்க?

… ஓ. பட்டு. … பக்கத்துலயேதான் இருந்தியா? … எல்லாத்தையும் கேட்டியா? நல்லதாப்போச்சு. திருப்பிச் சொல்ற வேலை மிச்சம்.”

போனிலும் அந்தக் குரல் பிசிறில்லாமல் வந்தது. அதுவே பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. சிலருக்கு அழுகைகூட அழகாக வாய்த்துவிடுகிறது. இவள் அழுதால் மூக்குதான் சிவக்கும்.

“… ம். … சொல்லு. … நீ என்னை ஒருநாளும்…? … என்னை ஒருநாளும்… என்ன? … 'மட்டமா நெனச்சதில்ல.' அதானே சொல்ல வந்தே? … பாரு! எடுத்துக் குடுத்துட்டேன். கருமம், வாயில தானா வருது. … சிரிக்காதே. எனக்கும் வருது, சிரிக்காதே பட்டு.

… இல்ல. நான் நிக்க மாட்டேன். நிக்கறதுக்கு எடமும் இல்ல. திரையைக் காலையிலேயே தையல்காரர் கழட்டிக்கிட்டுப் போயிட்டாரு. நான்தான் கழட்டச் சொன்னேன். அங்க இப்ப வெறும் ஜன்னல்தான், காத்து பிச்சுக்கிட்டு வருது. எவளாவது நின்னா சபைக்கே தெரியும். … அழாதே. … நான் சொல்றதைக் கேளு. மறந்துபோச்சுன்னா பேசாம நில்லு. உனக்குத்தான் நிக்கத் தெரியுமே. அப்பவும் கைதட்டுவாங்க. … தட்டுவாங்கடி! அதுதான் எனக்குத் தீயா எரியுது. மொத்த வசனமும் தெரிஞ்ச நான் அப்படி நின்னா, 'என்னம்மா, மறந்துட்டியா'ம்பாங்க. … தெரியல. எனக்கும் தெரியல, ஏன்னு. போனை அவர்கிட்ட குடு.

… அண்ணா, கத்தாதீங்க. அவளைப் பயமுறுத்தினா இருக்கறதும் மறந்துடும். … வர வேண்டாமா? … இன்னைக்கா, எப்பவுமேவா? … சரி. … சரின்னுட்டேனே. சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுத்தான் உங்களுக்கு நம்பரே போட்டேன். … பின்ன எதுக்குக் கேட்டேனா? கேக்காமலே போயிட்டா நாளைக்கு நீங்க சொல்லுவீங்க, கேட்டிருந்தா குடுத்திருப்பேனேன்னு. அந்தப் பேச்சை உங்களுக்கு விட்டு வைக்க எனக்கு மனசில்ல. … விசிறி சுவிட்சு மேடைக்கு எடது பக்கம். கடைசி ஆள் வெளிய போற வரைக்கும் ஓடணும். … ஜன்னலைச் சாத்தினீங்கன்னா சுகாதார அதிகாரிக்கு நானே போன் போடுவேன். … ஆமா, மெரட்டறேன். … ஆமா. … இல்ல, நன்றியெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் வேண்டாம். வைக்கறேன்.”

வைத்தாள். காய்ச்சல் பார்க்கும் மெஷினை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் அவள் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களுக்குள் அதற்குள்ளாகவே சிலர் வந்து நின்றிருந்தார்கள். ஒரு அம்மா இவளை மடக்கி, ஆட்டம் உண்டா, நம்பி உள்ளே போகலாமா என்று கேட்டாள்.

“போகலாம். ஜன்னலோரமாப் பாத்து உக்காருங்க. … நல்லா நடிப்பா, பாருங்க. … மாஸ்க்கை மேல ஏத்துங்கம்மா.”

தெருவில் இறங்கினாள். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியும் நடந்துகொண்டிருந்தாள். முனை திரும்பும்போது விளக்குக்காரியின் முதல் வசனத்தை ஆரம்பித்தாள், முழுத் தொண்டையில். எதிரே சைக்கிளில் வந்தவன் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து ஒதுங்கினான். அவள் நிறுத்தவில்லை, இரண்டாவது வசனத்துக்குப் போனாள்.