கல்லறைக் கல்லில் ஒரு பழைய சொல்

மகளின் பாடப்புத்தகத்தில் இருந்த ஆங்கிலக் கவிதையை நான் மாற்றியது சரியா? ஏழு வயதுக்காரி திணறுகிறாளே என்று, 'நீ' என்று பொருள்படும் 'தௌ' (thou) என்ற பழைய சொல் வந்த இடங்களில் எல்லாம் பென்சிலால் 'யூ' என்று எழுதிவிட்டேன்.

நேற்று லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும், தங்கள் அப்பாவின் கல்லறைக் கல்லில் எழுத வேண்டிய ஜெபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கல்லு வெட்றவரு 'யூ'ன்னே போட்டுடலாம்ங்கறாருக்கா. இப்ப யாரு 'தௌ'ன்னு எழுதறாங்க?"

"அப்பா கைப்பட எழுதி வச்ச ஜெபம்டா அது."

"அர்த்தம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னா அப்படியே இருக்கட்டும். எதுக்கு மாத்தணும்?"

"பசங்க படிச்சிட்டு சிரிப்பாங்க."

"சிரிக்கவாவது வரட்டும். நீ கல்லறைக்குக் கடைசியா எப்ப போன?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேலை பார்த்த மைன்ஸுல, பெரிய ஆபீசரையே அப்பா 'யூ'ன்னுதான் சொல்வாரு. 'தௌ' ஆண்டவருக்குன்னு தனியா எடுத்து வச்ச வார்த்தைடா."

அக்கா அப்போதே கல் வெட்டுபவருக்குப் போன் செய்தார். "அண்ணா, பேப்பர்ல இருக்கற மாதிரியே வெட்டுங்க. மாத்தினா எனக்குக் கல்லு வேணாம்."

பிரேசர் டவுனில் இருவரும் இறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரப்பரைத் தேடி எடுத்தேன். அதற்குள் மகள் ஓடிவந்து, முழுக் கவிதையையும் 'யூ' போட்டே தடுமாறாமல் ஒப்பித்தாள். திங்கட்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும். பென்சில் எழுத்தை அழிக்கட்டுமா, விட்டுவிடட்டுமா? இப்படிச் செய்துவிட்டு விழித்த அம்மாக்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.