புதன்கிழமையை யாரும் தொடாதீர்கள்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே! என் விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தியே கண் களைத்த பேராசிரியப் பெருமக்களே! பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க வந்திருக்கும் பெரியோர்களே! அம்மா பட்டம் வாங்குவதைப் பார்க்க வந்திருக்கும் பிள்ளைகளே! வீட்டையும் வேலையையும் ஏட்டையும் ஒரே தோளில் சுமக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் பாட்டில் ஆலை மெக்கானிக் ஒருத்தியின் மகிழ்ச்சி பொங்கும் வணக்கம்!

வேலையோடு சேர்ந்த பட்டப் பயிற்சி! சொல்லும்போதே எவ்வளவு சுகம்! நான்கு நாள் ஆலை, புதன்கிழமை கல்லூரி. அனுபவமும் வரும், பட்டமும் வரும் என்றார்கள். வந்தன ஐயா, இரண்டும் வந்தன! தூக்கம் வந்ததா? அதை மட்டும் கேட்காதீர்கள். என் மகளும் நானும் ஒரே மேசையில் படித்தோம். "யார் முதல்ல வீட்டுப்பாடம் முடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் டிவி" என்று பந்தயம் கட்டினாள். நான்கு ஆண்டுகளில் நான் ஜெயித்தது ஒரே நாள். அன்று பார்த்து மின்சாரம் போய்விட்டது!

எது கடினம்? கணக்கா? இல்லை. வரைபடமா? இல்லவே இல்லை. அந்தப் புதன்கிழமையைக் காப்பாற்றுவதுதான் கடினம்! எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கடுகு'. சூடு பட்டால் படபடவென்று வெடிப்பார். என்ன, கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள், மூன்றாம் வரிசையில் அவரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். புதன் தவறாமல் அவர் ஃபோன் வரும். "ஒரு மணி நேரம்தாம்மா, வந்துட்டுப் போயிடு." அந்த ஒரு மணி நேரத்துக்கு எத்தனை நிமிடம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது!

மூன்றாம் ஆண்டின் கடைசித் தேர்வும் புதன்கிழமைதான் வந்தது. காலை பத்து மணிக்குத் தேர்வு, விட்டால் ஓராண்டு போச்சு. ஏழு மணிக்கு அதே ஃபோன், அதே ஒரு மணி நேரம். ஓடினேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. இயந்திரத்தைத் திறக்கும்முன் அதன் மின்விசையில் அவரவர் பூட்டைப் போட வேண்டும். ஒரே சாவி, அதுவும் நம் பையில். போட்டவர்தான் திறக்கலாம். உள்ளே கையை விட்டிருக்கும்போது வேறொருவர் ஓட்டிவிடக் கூடாதல்லவா? பெல்ட்டை மாற்றினேன், மணியைப் பார்த்தேன், பதறிப் பேருந்தைப் பிடித்தேன். பூட்டு ஆலையில், சாவி என் பையில்!

தேர்வு தொடங்கி அரை மணி ஆகியிருக்கும். வாசலில் தொப்பி, காலணி, சீருடை சகிதம் கடுகு நிற்கிறார்! கண்காணிப்பாளர் அம்மா மறித்தார்.

"யார் சார் நீங்க?"

"அவங்க பூட்டை வெட்டணும்னா, ஆள் பத்திரமா இருக்காங்களான்னு நான் கண்ணால பார்க்கணும். ஃபோன் போகலை. அதான் நேர்ல வந்தேன்."

"பரீட்சை எழுதறவங்க எப்படி இருப்பாங்களோ, அப்படித்தான் இருக்காங்க!"

நான் சாவியோடு எழுந்துவிட்டேன். "வெளியே போனா திரும்ப உள்ளே வர முடியாதும்மா" என்றார் அந்த அம்மா. வேலையா, படிப்பா? சோறு போடும் ஆலையா, மூன்றாண்டு உழைப்பா? அப்போது வெடித்தார் கடுகு.

"உட்காரு! பூட்டு போனா வேற பூட்டு. உன் வருஷம் போனா யார் தருவா? கூப்பிட்டது என் தப்பு. நீ எழுது!"

எழுதினேன்! கண்ணீர் விழுந்த தாளில், அழியாத மையால் எழுதினேன்!

மறுநாள் தண்டனைக் கடிதத்துக்குக் காத்திருந்தேன். அவரோ பணிப்பட்டியலை எடுத்து, என் பெயருக்கு நேரே எல்லாப் புதன்கிழமைகளையும் சிவப்பு மையால் கட்டமிட்டார். உள்ளே 'கல்லூரி' என்று எழுதினார். முதலாளிமார்களே, அதிகாரிகளே, கைகூப்பிக் கேட்கிறேன்! படிப்பு நாள் விடுப்பு நாளா? வீண் நாளா? விட்டுக்கொடுக்கும் நாளா? இல்லை! அதுவும் வேலை நாளே! அந்த நாளைக் கொடுங்கள், கொடுத்த நாளைத் தொடாமல் இருங்கள்!

இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த ஆண்டு முதலாம் ஆண்டு வகுப்பில், முன்பெஞ்சில், ஐம்பத்திரண்டு வயது மாணவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். எழுந்திருங்கள் சார், எல்லோரும் பார்க்கட்டும்! போன புதன்கிழமை ஆலையில் இயந்திரம் நின்றது. "கடுகு சாரைக் கூப்பிடுங்க, ஒரு மணி நேரம் வந்துட்டுப் போகட்டும்" என்றார்கள். ஃபோனை வாங்கிக் கீழே வைத்தேன்.

"அவர் வகுப்புல இருக்கார். யாரும் கூப்பிடக் கூடாது. நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன்! இடம் தந்த கல்லூரிக்கும், நாள் தந்த ஆலைக்கும், இவ்வளவு நேரம் காது தந்த உங்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. படிக்கும் கைகளுக்கும் உழைக்கும் கைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன், வணக்கம்!