ஏலகிரிக்குப் போன டர்போ கார்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஒழுங்காக அணைக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. ஆம்பூர் பைபாஸில் பதினெட்டு வருஷம் ஷெட் வைத்திருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன், ஐயா. சாதாரண காரில் சாவியைத் திருப்பினால் வேலை முடிந்தது. டர்போ வைத்த காரில் அப்படி இல்லை. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது என்பதால் முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகத்தானே போகிறது. அதை ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் விடுகிறார்கள். அது சுற்றும்போது அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரமும் சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். இதுதான் டர்போ. காற்று ஜாஸ்தியானால் பெட்ரோலையும் ஜாஸ்தியாக எரிக்கலாம். இரண்டு லிட்டர் இன்ஜின் மூன்று லிட்டர் இன்ஜின் மாதிரி இழுக்கும். அந்தத் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு குழாய் வழியாக அந்த எண்ணெய் வருகிறது. வேகமாக ஓட்டிவிட்டு உடனே அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும். உள்ளே மிச்சம் இருப்பது சூட்டில் கருகிக் கரியாகிவிடும். அதனால் நின்ற இடத்திலேயே இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, அப்புறம் அணைக்க வேண்டும்.

சாமிநாதனுக்குப் பொறுமை கிடையாது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிறவர்களுக்கு ரசாயனம் செய்து கொடுக்கும் கம்பெனி அவருடையது. 1998-ல் ஜப்பானிலிருந்து ஒரு டர்போ காரை இறக்கினார். இந்தப் பக்கம் அப்படி ஒரு வண்டி அதற்கு முன் வந்ததில்லை. டிப்ளமோ படித்த மெக்கானிக் என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் அதன் புத்தகத்தை மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். அணைக்கும் விஷயத்தை அவரிடம் நாலு முறை சொன்னேன். சிரித்தார். எட்டே மாதத்தில் சைலன்ஸரில் எண்ணெய் எரிந்த நீலப் புகை வந்தது.

என்னைக் கம்பெனிக்கு வரச் சொன்னார். வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். ஏன் புகை வருகிறது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்.

"டர்போவுல தப்பு இல்ல சார். நீங்க ஆஃப் பண்ற விதம்தான் தப்பு."

அவர்களில் ஒருவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருக்கும் போல. சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் எதுவுமே நடந்திருக்காது என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

மறுநாள் என் மேல் புகார். புது டர்போவைக் கழற்றி விற்றுவிட்டு, பழசை மாட்டிவிட்டேனாம். இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். உங்கள் ஸ்டேஷன் இல்லை, பயப்பட வேண்டாம். என் வலது கையை மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உடைந்தன. ஒரு போல்ட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று மெக்கானிக்குக் கண்ணால் தெரியாது, விரலால்தான் தெரியும். எனக்கு அதன் பிறகு தெரியாமல் போயிற்று. சாமிநாதன் அந்த அறை வாசலில் நின்று செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

என்னை வெளியே கொண்டுவந்தவர் கலீமுல்லா. சாமிநாதனின் டிரைவர். அந்தக் காரை மட்டும் முதலாளியே ஓட்டுவார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து போவார். இரண்டாம் நாள் டிபன் கேரியரோடு ஸ்டேஷனுக்கு வந்தார்.

"சார், தினமும் அந்த வண்டில பக்கத்துல உக்காந்து போறவன் நானு. முதலாளி நிறுத்துன உடனே டக்குனு ஆஃப் பண்ணிடுவாரு. இவர் மேல ஒரு தப்பும் இல்ல."

அதற்காகக் கன்னத்தில் ஓர் அறை வாங்கினார். ஆனால் அன்று சாயங்காலமே என்னை விட்டுவிட்டார்கள். மூன்று மாதம் அவருக்கு வேலை இல்லை. பிறகு சாமிநாதனே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

என் மனைவி ஆக்னஸ் நர்ஸ். கட்டுப் போட்டவளும் அவள்தான். "கர்த்தர் பாத்துப்பாரு, விட்டுடுங்க," என்றாள். முழங்காலில் நின்று ஜெபித்தாள். நானும் பக்கத்தில் நின்று ஜெபித்தேன். என்ன கேட்டு ஜெபித்தேன் என்று அவள் கேட்கவில்லை.

நாலு வருஷம் போயிற்று. இடது கையால் வேலை பழகிக்கொண்டேன். 2002-ல் சாமிநாதன் என் ஷெட்டுக்கு வந்தார். டர்போவைச் சென்னையில் மாற்றியிருந்தார்கள். ஆனால் வண்டி மேட்டில் இழுக்கவில்லை. காற்றுக் குழாய் ஒன்று அழுத்தம் ஏறும்போதெல்லாம் கழன்றுகொண்டது. இதெல்லாம் அந்த இன்ஜினுக்கு வரக்கூடிய சாதாரணக் கோளாறுதான். யாருக்கும் பிடிபடவில்லை.

"பழச மனசுல வச்சிக்காத நத்தானியேல்," என்றார்.

"அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன் சார்," என்றேன்.

அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. ஒரு தடவை பார்த்திருந்தால்கூட நான் யோசித்திருப்பேன்.

வேலையை ஒழுங்காகவே செய்தேன். காற்றுக் குழாயைச் சரிசெய்தேன். டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். எண்ணெய்க் குழாயை மாட்டும் இடத்தில், கசியாமல் அடைக்க, இரண்டு செம்பு வாஷர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். டீக்கடை போனிலிருந்து சாமிநாதனைக் கூப்பிட்டு, வாஷர் சென்னையிலிருந்து வர வேண்டும், திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவரிடம் முடியாது என்று சொன்னால் கண்டிப்பாக வேண்டும் என்பார். அது எனக்குத் தெரியும்.

"ஒரு வாஷருக்காக ரெண்டு நாளா? எனக்கு சனிக்கெழம ஏலகிரில வண்டி வேணும். இருக்கறதப் போட்டுக் குடு."

"ரிஸ்க்கு சார். மலையேறாதீங்க."

கடைக்காரர் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னேன். புது வாஷர்கள் அப்போது என் சட்டைப் பையில் இருந்தன.

பழைய வாஷர்களையே போட்டேன். அந்தக் குழாயின் போல்ட்டை முழுக்க முறுக்காமல் விட்டேன். நெடுஞ்சாலையில் எண்ணெய் லேசாகக் கசியும், அவ்வளவுதான். மலையேற்றத்தில் டர்போவின் கூடு அடுப்புத் தணல் மாதிரி சிவந்துவிடும். அப்போது அந்த இடத்தில் எண்ணெய் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை சாமிநாதன் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. பதினோரு மணிக்கு கலீமுல்லா வந்தார்.

"முதலாளி நேத்தே மேல போய்ட்டாரு. யாரோ பார்ட்டி வந்திருக்காங்களாம். என்னையே கொண்டாரச் சொன்னாரு. நாலு வருஷமா பக்கத்துல உக்காந்தே போனேன், இன்னிக்கிதான் ஸ்டீரிங் கைக்கு வருது."

சந்தோஷமாக இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தோம். பெண்ணுக்கு வாணியம்பாடியில் வரன் வந்திருப்பதாகச் சொன்னார். நிக்காவுக்கு நான் குடும்பத்தோடு வர வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன். ஸ்பேனர் எனக்கும் அவருக்கும் நடுவில் பெஞ்சின் மேலேயே இருந்தது.

"இன்னா தோஸ்த், வண்டி எல்லாம் ஓகே தானே?"

"ஓகே பாய். மெதுவா போங்க."

மெதுவாகப் போகச் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினோராவது வளைவில் பானெட்டுக்கு அடியிலிருந்து தீ வந்திருக்கிறது. பின்னால் வந்த பஸ் டிரைவர் சொன்னது இது. வண்டிக்குள் புகை அடைத்து, வளைவு தெரியாமல், சுவரை உடைத்துக்கொண்டு கீழே போய்விட்டது. மூன்று மணிக்கு எனக்குச் செய்தி வந்தது. ஷெட்டைப் பூட்டினேன். மறுநாள் கலீமுல்லாவின் அடக்கத்துக்குப் போனேன். ஜனாஸாவுக்கு ஒரு தோள் கொடுத்தேன்.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். வேலை முடியவில்லை என்று சொல்லியும் முதலாளி வண்டியைக் கேட்டார் என்றேன். டீக்கடைக்காரர் ஆமாம் என்றார். எல்லாமே உண்மை. சாமிநாதனால் எதையும் மறுக்க முடியவில்லை. கோர்ட்டில் தண்டனை ஒன்றும் பெரிதாக வரவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். தன் அவசரத்தால் ஓர் ஆள் செத்துவிட்டான் என்று அவர் நம்பிவிட்டார். நான் நினைத்ததைவிட இது மேலாக இருந்தது. அவரே செத்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். இது தினமும் நடந்தது.

ஒருமுறை ஷெட்டுக்கு வந்தார். 2005 இருக்கும். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. கார் ஓட்டுவதை விட்டுவிட்டார், பஸ்ஸில் வந்திருந்தார். அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நத்தானியேல், ஒன்னு கேக்கறேன். அந்த போல்ட்ட நீ டைட் பண்ணித்தான குடுத்த?"

"நான் திங்கட்கிழமைன்னுதான சொன்னேன் சார்."

அவர் அழுதார். "நீ சொன்ன. நான்தான் கேக்கல. ரெண்டு தடவையும் கேக்கல," என்றார். அப்போதுதான் என் கையைப் பிடித்துப் பார்த்தார். உடைந்த விரல்களைத் தடவிக்கொடுத்தார். மன்னிப்புக் கேட்டார். நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் போகும்வரை அப்படியே வைத்திருந்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. சாமிநாதன் மாறிப்போனார். கலீமுல்லாவின் மனைவி ரஃபத் ஜஹானுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். பெண்ணின் நிக்காவை முன்நின்று நடத்தினார். கம்பெனியில் யாருக்கு என்ன அடிபட்டாலும் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊரில் அவரைப் பற்றி நல்லவிதமாகப் பேச ஆரம்பித்தார்கள். ஆக்னஸ்கூட ஒருநாள், "மனுஷன் எப்படித் திருந்திட்டார் பாத்தீங்களா," என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை.

போன வாரம் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். சாவுக்குப் போயிருந்தேன். ராணிப்பேட்டையில் கடைகளை அடைத்திருந்தார்கள். ரஃபத் ஜஹான் ஒரு மூலையில் உட்கார்ந்து, கூடப் பிறந்தவன் போனது மாதிரி அழுதுகொண்டிருந்தார். அதை என்னால் பார்க்க முடியவில்லை, ஐயா. அவர் சிந்தும் கண்ணீரில் ஒரு சொட்டுக்கூட அந்த ஆளுக்கு உரியது இல்லை.

இன்று காலை ரஃபத் ஜஹான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இங்கே சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். வாஷர், போல்ட், டீ. சாமிநாதன் செய்யாத தப்புக்காகத்தான் உங்களுக்கு வீடு கட்டினார், அவருக்காக அழாதீர்கள் என்றேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். இரண்டு கேள்விதான் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு வண்டில ஏறும்போது உங்க கையில ஸ்பேனர் இருந்துச்சா?"

"பக்கத்துல இருந்துச்சு."

"எவ்ளோ நேரம் ஆவும், டைட் பண்ண?"

"அர நிமிஷம்."

அவர் எழுந்து பர்தாவைப் போட்டுக்கொண்டார். "வாங்க போலாம்," என்றார். வழி முழுக்க எனக்கு முன்னால் நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது உங்கள் வாசலில் நிற்கிறாரே, அவர்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கலீமுல்லாவை நான் கொல்ல நினைத்ததில்லை. அவரிடம் சொல்லியிருந்தால் போல்ட்டை முறுக்க வேண்டி வந்திருக்கும், முறுக்கினால் சாமிநாதன் தப்பித்திருப்பார். அதனால் சொல்லவில்லை. நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன். இதில் எனக்கு மறுப்பு இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், இடது கையால் போடுகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. சாமிநாதன் நல்லவர் இல்லை என்று எழுதுங்கள். அதை எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன்.