எங்க வீட்டுக் காட்டேரி

ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு முதலில் ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் பழக்கம். வெறும் வயிற்றோடு வந்து படுத்துவிட்டு, ஊசியைப் பார்த்ததும் கண் செருகிப்போகிறவர்கள் நிறையப் பேர். அதனால் எங்கே முகாம் போட்டாலும் கையோடு ஒரு டின் பிஸ்கட் கொண்டுபோய்விடுவேன். ஆஸ்பத்திரியில் தரமாட்டார்கள், நானே வாங்குவதுதான். நான் ஈவிரக்கம் இல்லாதவள் இல்லை என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர்.

என் பெயர் மாரியாயி. வேலை செய்யும் இடத்தில் மேரி என்று கூப்பிடுவார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் தாதியாக இருக்கிறேன். நம் ஆட்கள் மிஸ்ஸி என்பார்கள். தமிழிலேயே சொல்லலாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. இந்த விஷயத்தை வேறு மொழியில் சொல்ல முடியாது.

அந்தக் கதையைப் பிடிக்காதா என்றுதானே கேட்டீர்கள். பிடிக்காது. ‘பல்லில் பூத்த நிலா’. நிலாவுக்குப் பல்லில் என்ன வேலை என்று கேட்டால் எங்கள் சின்னத் தாதிகள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். சுங்கை பூலோ பெண் ஒருத்தி கைப்பேசியிலேயே எழுதி ஏற்றியது. அப்புறம் அது புத்தகமாகி, ஐந்தாம் பாகம் வரை வந்துவிட்டது. ஐந்தாம் பாகம் வந்த அன்று பிரிக்ஃபீல்ட்ஸில் கடைக்கு வெளியே நம் பிள்ளைகள் வரிசை பிடித்து நின்றதை நானே பார்த்தேன். தமிழ்ப் புத்தகத்துக்கு வரிசை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

கதாநாயகன் பெயர் ஆதவ். வெயில் பட்டால் கருகிப்போகிறவனுக்குச் சூரியனின் பெயர். அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. வெள்ளை வெளேரென்று இருப்பான். ஒரு பெண்ணின் கழுத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் பெருமூச்சு விடுவான், ஆனால் கடிக்க மாட்டான். “உன்னைப் பார்த்தால் பசிக்கிறேன்” என்பான். பசிக்கிறேனாம். எனக்குப் பசிக்கிறது என்று எழுதத் தெரியாதவளுக்கு அந்த வரிசை. ஐந்து பாகத்தையும் நான் படித்தேன். பிழை பிடிப்பதற்காகப் படித்தேன். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, ஒளிப்பானேன்.

பிழைகூடப் போகட்டும். அவனைக் காட்டேரி என்று எழுதியிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றுகூடத் தங்கவில்லை. காட்டேரியம்மாவுக்கு நேர்ந்துகொண்டுதான் என்னைப் பெற்றார். கம்போங் மேடானில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்துக்கு அருகில் ஒரு கல் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை படையல். அந்தப் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், ‘அம்மா’ என்றுதான் சொல்வோம். அவ்வளவு பயம், அவ்வளவு பாசம். இந்தப் பிள்ளைகள் என்னடாவென்றால் அதைச் சட்டையில் அச்சடித்துக்கொண்டு மால் மாலாகச் சுற்றுகிறார்கள். தங்களையே காட்டேரிகள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். நெற்றியில் வைக்க வேண்டிய ஸ்டிக்கர் பொட்டை இரண்டாகக் கழுத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள், ஆதவ் கடித்த இடமாம். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் ரத்த தான முகாம் போட்டோம். காலையில் கோயில் கமிட்டி ஆட்கள் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் காட்டேரிகள் வந்தார்கள். கறுப்புச் சட்டை, கழுத்தில் பொட்டு, கைப்பேசியில் அந்தக் கதையை வைத்து எடுத்த நாடகத்தின் பாட்டு. அழைத்து வந்தவள் ஷாமினி என்று ஒரு கல்லூரி மாணவி. ஒல்லியாக, வாய் ஓயாமல் பேசுகிறவள்.

“எல்லாருமே நெகட்டிவ், மிஸ்ஸி. குரூப்ல போஸ்ட் போட்டுத் தேடித் தேடிப் புடிச்சேன். கிடைக்கிறது கஷ்டம்தானே?”

உண்மைதான். நெகட்டிவ் வகை இந்த நாட்டில் கிடைப்பது அரிது. மலாய்க்காரர், சீனர்களைவிட நம்மவர்களிடம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். என்னுடையதும் பி நெகட்டிவ்தான். இந்த வகைக்காரர்களை ஒரே நாளில் இத்தனை பேராகச் சேர்த்துக் கொண்டுவந்து நிறுத்த எங்களால்கூட முடிந்ததில்லை. அந்தப் பெண்ணைப் பாராட்டியிருக்க வேண்டும். பிஸ்கட் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

அவள் படுத்தாள். நரம்பு தேடி ஊசி குத்தினேன். அப்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“எங்க வீட்ல ஒரு காட்டேரி இருக்கான், மிஸ்ஸி. அதுக்குத்தான் இவ்ளோ பேரையும் இழுத்துட்டு வந்தேன்.”

படுக்கையறைச் சுவரில் ஆதவின் ஆளுயரப் படம் ஒட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் படத்துக்குப் படையல் போடுகிற மாதிரி ஊர் ரத்தத்தைத் திரட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றும் நினைத்தேன்.

கடைசியாகக் கொடுத்தவன் அஸ்வின் என்று ஒருவன். எழுந்ததும் தட்டில் இருந்த தன் ரத்தப் பையைச் சட்டென்று எடுத்து வாயருகில் வைத்துக்கொண்டு கண்ணை மேலே செருகினான். நாலைந்து பேர் படம் எடுத்தார்கள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“கீழ வை” என்றேன்.

“சும்மா லா மிஸ்ஸி, போட்டோதானே.”

அவன் வைத்துவிட்டான். மன்னிப்பும் கேட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், கை வேலையில் இறங்கிவிடும். மேசையைத் துடைத்தேன், பைகளை அடுக்கினேன்.

எங்களிடம் இரண்டு குளிர்ப்பெட்டிகள் இருந்தன. கோயில் கமிட்டியினர் கொடுத்ததை முதல் பெட்டியில் வைத்து, ஐஸ் பொட்டலங்களைச் சுற்றிலும் அடுக்கி மூடினேன். பிள்ளைகள் கொடுத்ததை இரண்டாவது பெட்டியில் வைத்து மூடினேன். அதற்கான ஐஸ் பொட்டலங்கள் மண்டபத்துச் சமையலறைப் பெட்டியில் உறைந்து கிடந்தன. அவை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். செய்யாதது என்றுதான் சொல்ல வேண்டும்.

வண்டி ஓட்டியவர் கன்னையா. பங்சாரில் நிறுத்தச் சொன்னேன், வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டுப் போகலாம் என்று. அவர் தயங்கினார்.

“அக்கா, பின்னால ரத்தம் இருக்கே. நேரா கிள்ளான் போயிடலாமா?”

“ஐஸ்லதானே இருக்கு. ஒண்ணும் ஆகாது, வாங்க.”

நிழலில் இடம் கிடைக்கவில்லை. வெயிலில் நிறுத்திவிட்டு வந்தார். அன்று பாகற்காய் வறுவல் நன்றாக இருந்தது. நான் ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். பிறகு நெடுஞ்சாலையில் நெரிசல், அது என் ஏற்பாடு இல்லை.

ஆய்வுக்கூடத்தில் ஃபர்ஹானா பெட்டிகளைத் திறந்தாள். இரண்டாவது பெட்டிக்குள் இருந்த வெப்ப அட்டை நிறம் மாறியிருந்தது. அப்படி மாறிவிட்டால் ரத்தத்தை யாருக்கும் ஏற்றக்கூடாது, கொட்டிவிட வேண்டும். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நானும் உச்சுக் கொட்டினேன். ஐஸ் வைத்தேனே என்றேன். வெயிலில் நிறுத்தியதுதான் காரணம் என்று முடிவாகி, கன்னையாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சாப்பிட நிறுத்தச் சொன்னது நான்தான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கு எதற்கு வீண் தொல்லை என்று நினைத்திருப்பார். அந்த மனுஷன் முகத்தை இப்போது என்னால் பார்க்க முடிவதில்லை.

முதல் பெட்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது. ஒரே வண்டி, ஒரே வெயில். இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்கு மனம் லேசாக இருந்தது. விளையாட்டுக்குக் கொடுத்த ரத்தம், விளையாட்டாகவே போய்விட்டது என்று நினைத்தேன். எங்கள் அம்மாவின் பெயரைக் கேலி செய்ததற்கு ஒரு சின்னத் தண்டனை, அதுவும் அவர்களுக்குத் தெரியாமல். யாருக்கும் நஷ்டமில்லை என்று நம்பினேன். ரத்த வங்கியில் வேலை செய்கிறவள் இப்படி நம்பினேன் என்று சொல்வதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

விடுமுறை முடிவதற்குள் ஒரு நாள் ஃபர்ஹானா போன் செய்தாள். நான் அன்று லீவு, வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“மேரி அக்கா, பி நெகட்டிவ் ஒரு பைகூட இல்ல. ஓ நெகட்டிவும் முடிஞ்சிடுச்சு. முகாம்ல குடுத்தவங்ககிட்ட இவ்ளோ சீக்கிரம் மறுபடி எடுக்க முடியாது. வெளியூர்ல சொல்லியிருக்கோம், வந்து சேர லேட் ஆகும். உங்களோடது அதானே? உடனே வர முடியுமா?”

“யாருக்கு?”

“தலசீமியா பிள்ளை, விஷ்ணுப்ரியான்னு. மாசாமாசம் ஏத்திக்கிறவதான். இப்போ காய்ச்சல் வந்து ரத்தம் ரொம்ப இறங்கிடுச்சு, இதயம் வேற வீக். பாசிட்டிவ் குடுக்கவே முடியாது, முன்னாடி ஒருதடவை குடுத்து உடம்பு ஏத்துக்கல. உங்களுக்கு அவளோட அக்காவத் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸ்ல காட்டேரி குரூப்பக் கூட்டிட்டு வந்தாளே, ஷாமினி.”

கையில் இருந்த துணியை மடித்து முடித்தேன். போனால் ஷாமினி வாசலிலேயே நிற்பாள். என் கையைப் பிடித்து நன்றி சொல்வாள். அதை நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதோடு, அந்தப் பெட்டியைப் பற்றி அவள் கேட்டுவிட்டால்?

“எனக்கும் காய்ச்சல்மா. இப்ப குடுக்க முடியாது” என்றேன்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. என் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்து ஏற்றியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று டாக்டர்கள் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்கள். நான் கேட்டுப் பார்த்தேன். வெளியூரிலிருந்து ரத்தம் வந்து சேர்ந்தபோது விஷ்ணுப்ரியா இறந்துபோயிருந்தாள். பள்ளியில் இன்னும் படிவம் மூன்றுகூட முடிக்காத பிள்ளை.

சாவு வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கம்போங் மேடானில் நான் வளர்ந்த அதே அடுக்குமாடி வரிசைதான். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அந்தக் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் சுவரோரமாகச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அஸ்வின் எழுந்து எனக்கு நாற்காலி போட்டான்.

ஷாமினி என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“ஆதவ்னா அவளுக்கு உயிர், மிஸ்ஸி. ‘அவனும் என்னைய மாதிரிதானே, அடுத்தவங்க ரத்தத்துலதான் உயிரோட இருக்கான், ஆனா அவன யாரும் பாவம்னு சொல்றதில்ல’ன்னு சொல்லுவா. ஸ்கூல்ல எல்லாரும் பாவம் பாவம்னு சொல்லிச் சொல்லி அவளுக்கு வெறுத்துப்போச்சு. அவளே தனக்குக் காட்டேரின்னு பேர் வச்சுக்கிட்டா.”

தங்கையின் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“நாங்க அன்னைக்குக் குடுத்தது அவளுக்குப் பத்தலயா, மிஸ்ஸி?”

“பத்தலம்மா” என்றேன்.

அவள் தலையாட்டினாள். அடுத்த மாதம் இன்னும் நிறையப் பேரை அழைத்து வருவதாகச் சொன்னாள், வேறு பிள்ளைகளுக்காவது ஆகட்டுமே என்று. அந்தப் பெண் என் மடியில் தலை சாய்த்து அழுதாள். நான் தட்டிக்கொடுத்தேன். என் கை அதைச் செய்தது, இன்ஸ்பெக்டர். என் பாவத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஆஸ்பத்திரி கொடுத்த புகாரில் கன்னையாவைக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவரை விட்டுவிடுங்கள். ஐஸ் வைக்காதது நான். மறந்து அல்ல, தெரிந்துதான். போனில் பொய் சொன்னதும் நான். அது ஒரு பிள்ளையின் உயிருக்கு என்பது தெரியாமல் பெட்டியை மூடிவிட்டேன் என்றுதான் இன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்ல நினைத்திருந்தேன்.

ஒன்றைத் திருத்த வேண்டும். எழுதிக்கொள்கிறவரிடம் சொல்லுங்கள். ஷாமினி ஊசி குத்தும்போது சொன்னதை, ‘இருக்கான்’ என்று சற்று முன் சொன்னேன். மண்டபத்தில் பாட்டும் சத்தமுமாக இருந்தது, பேச்சில் அந்தக் கடைசி எழுத்து காதில் விழுந்ததா இல்லையா என்று யாருக்கும் குழப்பம் வரலாம். எனக்கு வரவில்லை. ‘பசிக்கிறேன்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு புத்தகத்தையே தூக்கிப்போட்டவள் நான். அவள் ‘இருக்கா’ என்றாள். எங்க வீட்ல ஒரு காட்டேரி இருக்கா, மிஸ்ஸி. ஆதவ் ஆண்பிள்ளை. யாரும்மா அது என்று கேட்க ஒரு வாய் வார்த்தை போதும், பை நிறையும் வரை அவள் அங்கேயேதான் படுத்திருந்தாள். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள், அப்புறம் ஐஸ் வைக்க வேண்டி வரும், அதனால்தான் கேட்கவில்லை.