கம்ப்யூட்டர் பூரா அம்மா

எல்கடுவையிலிருந்து மாத்தளை போகும் பஸ்ஸில், முன் சீட்டில் அக்காவும் தங்கையும். அக்காவின் மடியில் லேப்டாப்.

“பூரா அம்மாதான்டி அடைச்சிருக்காங்க!”

“என்னக்கா சொல்ற?”

“என் பொறந்தநாளுக்கு குவைத்துல இருந்து பாடி அனுப்புனாங்களே, அந்த வீடியோ. யாரோ பாக்கும்போதெல்லாம் அதையே திரும்பத் திரும்ப டவுன்லோட் பண்ணியிருக்காங்க. இனி எசைன்மென்ட்ட எங்க சேவ் பண்றது? பெட்டரியும் முடியப் போகுது. நீயா இத பண்ணுன?”

“சத்தியமா நான் இல்ல. அப்பாவா இருக்குமோ?”

“அம்மா ஃபோன்ல கோல் எடுத்தாலே கோவத்துல எழும்பி வெளிய போற மனுஷன்டி அவரு!”

“வீட்டுல வேற யாருக்கா இருக்கா?”

வளைவில் பஸ் சாய்ந்தது. அக்கா லேப்டாப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ண மட்டும் வச்சிட்டு மத்ததெல்லாம் அழிச்சிறவா?”

“அழி. அந்த ஒண்ண, தொறந்ததும் அவரு கண்ணுல படுற மாதிரி வை.”