நாலு கட்டை மிச்சம்

– கையை எடுங்க ஒனேலியோ. ஒரு கட்டையைக்கூடத் தொடக்கூடாது. முதல்ல நான் எண்ணணும்.

– தாராளமா எண்ணுங்க சொரைதாம்மா. ஐம்பத்தஞ்சு டோமினோ கட்டையும் இருக்கு. எண்ணுக்கு எண் ஒட்டி, ஒரே வரிசை. மேசை பத்தலைன்னு மூணா மடிச்சு வெச்சிருக்கேன், அவ்வளவுதான். இந்த முனையில ஒத்தைப் புள்ளி, அந்த முனையில புள்ளியே இல்லாத வெற்று.

– நாலு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்து உக்காந்தீங்க. ஒவ்வொரு வாட்டியும் கையில நாலு கட்டை மிஞ்சும். தலையைச் சொறிஞ்சுகிட்டே கிளம்புவீங்க. இன்னிக்கு மட்டும் எப்படி?

– அதான் எனக்கும் ஆச்சரியம். கடைசிக் கட்டையும் போய் உக்காந்துடுச்சு. மிக்தாலியா, நீங்க பாத்தீங்கல்ல?

– பாத்தேன். காப்பி ஆறுது, குடிங்க.

– காப்பி எங்கயும் ஓடிடாது அண்ணி. நீங்க எங்க நின்னு பாத்தீங்க? அடுப்படியிலயா, இங்கயா?

– அடுப்படியில. அங்கருந்து மேசை தெரியும் சொரைதா.

– தெரியும். கட்டை தெரியும், புள்ளி தெரியாது. எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு, நான் பாத்துக்கறேன்… ஐம்பத்திமூணு, ஐம்பத்திநாலு, ஐம்பத்தஞ்சு. ம். எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு.

– அப்போ வாக்கு வாக்குதானே? "எங்க வீட்டுக்காரரோட கட்டை அத்தனையும் ஒரே வரிசையில ஒட்ட வெச்சுக் காட்டுங்க, அன்னிக்கே கல்யாணப் பதிவுக்கு வர்றேன்"னு மிக்தாலியா சொன்னாங்க. நீங்களும் பக்கத்துல யாருக்கோ நகம் ராவிகிட்டே கேட்டீங்க.

– கேட்டேன். கேட்டுட்டு உள்ளுக்குள்ள சிரிச்சேன். ஏன் சிரிச்சேன்னு சொல்லட்டுமா?

– சொரைதா, வேண்டாம் விடு.

– ஏன் விடணும் அண்ணி? செத்துப்போனது உங்களுக்குப் புருஷன்னா எனக்கு அண்ணன். ஒனேலியோ, நீங்க சொல்லுங்க. அன்னிக்கு "இவ்வளவுதானா, ஒரே மூச்சுல முடிச்சுடறேன்"னு குதிச்சீங்களே, எந்தத் தைரியத்துல?

– எங்க கிழக்குச் சீமை சாந்தியாகோவுல இதெல்லாம் பிள்ளைங்க விளையாட்டும்மா. மழைக்காலத்துல தின்பண்டத்தை நடுவுல வெச்சுட்டு, சுத்தி அத்தனை கட்டையையும் வட்டமா ஒட்டுவோம். முனைக்கு முனை வந்து சேர்ந்துக்கும். எங்க ஊர்ல இருபத்தெட்டுதான். ஆறு வரைக்கும்தான் எண். இங்க ஒன்பது வரைக்கும் இருக்கு, கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும்னு நெனச்சேன்.

– நேரம் கூடப் பிடிக்கும்னு நெனச்சீங்க.

– ஆமா. ஏன் அப்படிப் பாக்குறீங்க?

– எங்க அண்ணன் அர்செனியோ இந்த ஹவானா செர்ரோ பேட்டை முழுக்க, முடிஞ்சா ஒட்டுங்கன்னு இதே கட்டையை வெச்சுப் பந்தயம் கட்டுவாரு. எத்தனை பேர் காசுல பீர் குடிச்சிருப்பாருன்னு கணக்கே கிடையாது. அந்தா அலமாரியில இருக்குதே, பழுப்பு அட்டை போட்ட புதிர்ப் புத்தகங்க, எல்லாம் அவரோடது. ஓரத்துல பென்சிலால கிறுக்கிக் கிறுக்கி வெச்சிருப்பாரு. மூணாவது புத்தகத்துல இதுவும் இருக்கு. இந்த ஐம்பத்தஞ்சையும் ஒரே வரிசையா வைக்க முடியாது. நீங்க இல்ல, உலகத்துல எவனாலயும் முடியாது.

– ஏன் முடியாது? இதோ கண்ணு முன்னாடி இருக்கே.

– உங்க ஊர்க் கட்டையில ஒவ்வொரு எண்ணும் எத்தனை இடத்துல வருது?

– எட்டு.

– எட்டு. ரெண்டு ரெண்டா ஜோடி சேர்ந்துக்கும். இங்க ஒவ்வொண்ணும் எத்தனை?

– பொறுங்க… ரெண்டு பக்கமும் அதே எண்ணு இருக்கற ரெட்டைக் கட்டையில ரெண்டு. மத்த ஒன்பது எண்ணோட சேரும்போது ஒன்பது. பதினொண்ணு.

– பதினொண்ணு. அஞ்சு ஜோடி போக ஒண்ணு தனியா நிக்கும். வெற்றுலருந்து ஒன்பது வரைக்கும் பத்து எண்ணு. பத்துலயும் ஒண்ணொண்ணு தனியா நிக்கும். வரிசைக்கு முனை எத்தனை?

– ரெண்டு.

– ரெண்டு தனியாளு முனையில நிக்கலாம். மீதி எட்டுப் பேரு எங்க போவாங்க?

– எட்டுப் பேரு… ஒரு கட்டையில ரெண்டு பேரு. நாலு கட்டை. அதான் எப்பவும் நாலு மிஞ்சுதா? அட. அட, என்ன அழகா இருக்கு. நாலு மாசமா இது எனக்குத் தோணவே இல்லையே. நாலு, நாலு, நாலுன்னு வந்துகிட்டே இருந்துச்சு, நான் என் கெட்ட நேரம்னு நெனச்சேன்.

– ரசிச்சது போதும். முடியாதது எப்படி முடிஞ்சுதுன்னு சொல்லுங்க.

– அதான்… அதான் எனக்கும் புரியல.

– புரியலையா? இங்க பாருங்க, இது என்ன கட்டை?

– எட்டு-நாலு.

– இந்த மடிப்புல, இது?

– எட்டு… நாலு.

– ஒரு பெட்டியில எட்டு-நாலு ரெண்டு வருமா? ஒன்பது-நாலு எங்க போச்சு? ஆறு-ரெண்டு ரெண்டு இருக்கு, ஏழு-ரெண்டைக் காணோம். நாலு-வெற்று ரெண்டு, அஞ்சு-வெற்று இல்ல. ரெண்டு-ஒண்ணு ரெண்டு, மூணு-ஒண்ணு இல்ல. உங்க கண்ணுக்குத் தெரியலையாக்கும்?

– சேருதா சேரலையான்னு முனையை மட்டும்தாம்மா பாத்தேன். மேரி மாதா மேல சத்தியம்.

– மாதாவை ஏன் இழுக்குறீங்க? இந்த எட்டோட நடுவுல என் நகத்தால சுரண்டறேன், பாருங்க. பிசிறு பிசிறா வருதா? வெள்ளைச் சாயம். அடியில கறுப்புப் புள்ளி அப்படியே இருக்கு. ஒன்பதுல நடுப்புள்ளியை மறைச்சா எட்டு. ஏழுல மறைச்சா ஆறு. அஞ்சு நாலாகும், மூணு ரெண்டாகும். நாலே நாலு புள்ளி. பதினஞ்சு வருஷமா நகச்சாயத்துலயே கை ஊறிக் கிடக்கு எனக்கு. இது என் சாயம்.

– உங்க சாயமா?

– என் சாயம்தான். நக நுனிக்குப் பூசறதுக்கு மியாமியிலருந்து என் தோழி அனுப்பின வெள்ளை. வியாழக்கிழமையிலருந்து பாட்டிலைக் காணோம். நான் பைத்தியக்காரி, எதிர்வீட்டுக்காரி எடுத்திருப்பான்னு அவளோட ஒரு பாட்டம் சண்டை போட்டேன். வியாழக்கிழமை என் அறைக்கு யாரு வந்தது? மின்விசிறி ரெக்கை ஆடுதுன்னு யாரு ஏணி போட்டு ஏறினது?

– நான்தான். மிக்தாலியா கூப்பிட்டாங்க, வந்தேன்.

– தெருவுல உக்காந்து லைட்டருக்கு கேஸ் அடைச்சுப் பிழைக்கிற கை. ஊசித்துளையில வேலை செய்யுற கை. நாலு புள்ளி பூச எவ்வளவு நேரமாகும்?

– என் பையைச் சோதிச்சுக்கங்க. என் அறைக்கும் வேணா வாங்க. அந்தப் பாட்டில் எங்கிட்ட இருந்தா நானே போலீஸ்காரன்கிட்ட நடக்கறேன்.

– கொண்டாங்க. எவன்கிட்ட பாட்டில் இருக்கோ அவன்தான் பூசினவன், அவ்வளவுதான் கணக்கு.

– சொரைதா, அடுத்தவங்க பையில கை விடாதே.

– அவரே நீட்டுறாரு அண்ணி. கேஸ் டப்பா. லைட்டர் கல்லு. குடைக்கம்பி. கொய்யாப்பழ மிட்டாய் ஒரு பொட்டலம்.

– அது இன்னிக்குக் கொடுக்கலாம்னு வாங்கினது.

– இது என்ன நோட்டு?

– அது சும்மா. அதை விட்டுடுங்க.

– விடச் சொன்னா நிச்சயம் படிக்கணும். "மார்ச் ஒன்பது. நாலு மிச்சம். கறுப்பு அவரையும் சோறும். மார்ச் பதினாறு. நாலு மிச்சம். கரண்ட் இல்ல, விளக்கு வெச்சாங்க. மார்ச் இருபத்திமூணு. ஆறு மிச்சம், பிறகு நாலு. நீலச் சட்டை போட்டிருந்தாங்க." என்ன கண்றாவி இது?

– எந்த வரிசையில வெச்சேன்னு எழுதி வெச்சா அடுத்த வாட்டி வேற மாதிரி வெக்கலாமேன்னு ஆரம்பிச்சேன். பக்கத்துல இடம் இருந்துச்சு. மத்ததையும் எழுதினேன்.

– பாட்டில் இல்ல.

– இல்லைல்ல? இப்போ நான் ஒண்ணு கேக்கலாமா? முடியாதுன்னு தெரிஞ்சவங்கதானே சாயத்தைத் தேடுவாங்க? இப்போ நீங்க சொல்ற வரைக்கும் முடியும்னு நம்பிட்டிருந்த முட்டாள் நான். எந்த நாலு கட்டைன்னு தேர்ந்தெடுக்கவே கணக்கு தெரிஞ்சிருக்கணும். கணக்கும் தெரியும், சாயமும் வெச்சிருக்கீங்க. நான் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு முதல் நாள்லருந்தே நிக்கறது நீங்க. எனக்குத் திருட்டுப் பட்டம் கட்டித் துரத்தணும்னு நீங்களே பூசியிருந்தா?

– நானா? நானா பூசினேன்? எங்க அண்ணன் கட்டைமேலயா? காமகுவேயில கரும்பு வெட்டப் போனப்போ மாட்டுக்கொம்பை வாங்கி, ஒவ்வொரு குழியா அவரு குடைஞ்சது. அவரு விரல் பட்ட தேய்மானம் இன்னும் இருக்கு இதுல. இதைக் கழுவக்கூட எனக்கு மனசு வராது. நான் போய் இதுமேல நகச்சாயம் பூசுவேனா? எவளுக்கு மனசு வரும்?

– அழாதே சொரைதா.

– அழல. ஆமா, எனக்குப் பயம்தான். சொல்லிடறேன். கிழக்கத்தி ஆளுங்களுக்கு ஹவானாவுல ஒரு விலாசம் வேணும். விலாசத்துக்காகக் கட்டிக்குவாங்க, ரேஷன் அட்டையில பேரு ஏறினதும் தங்கச்சி வருவா, தம்பி வருவான். கடைசியில நான் நகப்பெட்டியைத் தூக்கிகிட்டுத் தெருவுல நிப்பேன். மூலை வீட்டு ரெய்னால்டாவுக்கு நடக்கலையா? உண்மையைச் சொல்லுங்க ஒனேலியோ. விலாசத்துக்குத்தானே வந்தீங்க?

– பொய் சொல்ல மாட்டேன். முதல் தடவை வந்தப்போ அதுவும் மனசுல இருந்துச்சு. ரெண்டு வருஷமா போலீஸ்காரனைப் பாத்தாலே தெருவைத் தாண்டி நடக்கறவன் நான். அட்டையைப் பாத்தா சாந்தியாகோன்னு இருக்கும், இங்க விலாசம் இல்லாதவனை ஊருக்கே ரயிலேத்தி விடுவான்.

– கேட்டீங்களா அண்ணி? அவரு வாயாலயே வந்துருச்சு.

– கேட்டேன். அப்புறம் ஒனேலியோ?

– அப்புறம் ஞாயித்துக்கிழமைதான் மனசுல இருந்துச்சு. கட்டை சேருதோ இல்லையோ, இங்க வந்து உக்காரணும். விலாசம் மறந்தே போச்சு. ஆனா மிக்தாலியா, இப்போ உங்களை ஒண்ணு கேக்கணும். இது முடியாதுன்னு உங்களுக்கும் தெரியுமா?

– காப்பி வேற போட்டுத் தரட்டுமா?

– காப்பி வேண்டாம். தெரியுமா, தெரியாதா?

– தெரியும்.

– அன்னிக்கே?

– அன்னிக்கே. அவரு கூட இருவத்தியாறு வருஷம் இருந்தேன். தெரியாம இருக்குமா?

– அப்போ என்னைப் பிடிக்கலன்னு மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தெருவே சிரிச்சிருக்கும் என்னைப் பாத்து. நாலு மாசம் மிக்தாலியா. பதினேழு ஞாயித்துக்கிழமை.

– அன்னிக்குச் சொல்ல வாய் வரல. நீங்க பாட்டுக்கு மூணாம் நாளே போயிடுவீங்கன்னு நெனச்சேன். அவரோட பந்தயம் கட்டினவங்க எல்லாரும் மூணாம் நாளு கட்டையை விட்டெறிஞ்சுட்டுப் போவாங்க.

– நான் போகல. அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?

– சொன்னா நீங்க வரமாட்டீங்களே.

– என்ன சொல்றீங்கன்னே எனக்கு விளங்கல. ஒருத்தர் என்னைத் திருடன்ங்கறீங்க, ஒருத்தர் முட்டாளாக்கியிருக்கீங்க. யாரு பூசினாங்களோ, எதுக்குப் பூசினாங்களோ, எனக்கு இனிமே தெரிஞ்சுக்க வேண்டாம். நோட்டைக் குடுங்க சொரைதாம்மா. செவ்வாய்க்கிழமை சாந்தியாகோ ரயிலு. அங்க கட்டையாவது வட்டமாச் சேரும்.

– மிட்டாயையும் எடுத்துட்டுப் போங்க.

– அது வாங்கினது வாங்கினதுதான். வெச்சுக்கங்க. உங்க அண்ணன் கணக்கு நல்ல கணக்கும்மா. இதைச் சொல்லிக் குடுத்ததுக்கு நன்றி. நிஜமாத்தான் சொல்றேன்.

– போகும்போதும் நல்லவர் வேஷம். கதவைத் திறந்து விடுங்க அண்ணி. பாட்டில் எங்க போனாலும் நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன். அண்ணி? ஏன் கதவை மறிச்சுகிட்டு நிக்கறீங்க?

– பையைக் கீழ வையுங்க ஒனேலியோ. சொரைதா, உன் பாட்டில் என் தலையணைக்கு அடியில இருக்கு, போய் எடுத்துக்கோ.