பதினொரு மணி ஃபோன்

இல்ல பிரதிபா, அப்படியெல்லாம் சொல்லாத. நீங்க இல்லன்னா அம்மா இல்லன்னு, அத உங்கம்மா ஊர் பூரா சொல்லிட்டிருக்கறதே போதும், நீயும் ஆரம்பிக்காத. உக்காரு. அங்கிள் உள்ள தூங்கறார். இன்னிக்கு டயாலிசிஸ் நாள், வந்தார்னா அப்படியே சாஞ்சிடுவார். காபி போடட்டுமா? சரி, வேண்டாம்னா விடு. பேக்கிங் எல்லாம் ஆயித்தா? அம்மாவுக்கு நல்ல ஸ்வெட்டரா எடுத்தியா? சாமுண்டி மலைக்கு டிசம்பர்ல போனாலே தலையில மஃப்ளர் சுத்திக்கற ஆளு. கனடாவுல எப்படித்தான் இருக்கப் போறாளோ.

எதக் கேக்கற, அந்த ஃபோனா? ஆமா, தினம் பதினொரு மணி. எதிரெதிர் வீடு, நடுவுல ஒரு ரோடு, கூப்பிட்டாலே கேக்கும். ஆனா அந்த ரெண்டாவது லாக்டவுன்ல கேட்ல நின்னு பேசவே பயம். அன்னபூர்ணிதான் சொன்னா, உமா, நீ உன் ஜன்னல்ல நில்லு, நான் என் ஜன்னல்ல நிக்கறேன், ஃபோன்ல பேசுவோம்னு. அப்படித்தான். மூஞ்சிய மூஞ்சி பாத்துக்கிட்டே ஃபோன்ல பேசுவோம். கடையெல்லாம் பத்து மணிக்கு மூடிடுவாங்க. அதுக்குள்ள பால் காய்கறி வாங்கி, அதையெல்லாம் கழுவி வச்சிட்டு, பதினொண்ணுக்கு வந்து நிப்போம்.

பெருசா ஒண்ணும் இல்ல, சும்மா பேசுவோம். மொதல்ல பூ. செம்பருத்திய உங்கம்மா தாசவாளன்னுதானே சொல்லுவா, இன்னிக்கு தாசவாளம் ஒம்பது பூத்திருக்கு உமான்னு ஆரம்பிப்பா. என் மல்லிகையில பேன் பிடிச்சிருக்கும், அதுக்கு வேப்பெண்ணெய் அடின்னு சொல்லுவா. பூப்பறிச்சு என்ன செய்யறது, கோயிலும் மூடியிருக்கு, தலையில வச்சா பாக்கறதுக்கும் ஆள் இல்லன்னு ரெண்டு பேரும் சிரிப்போம். அப்புறம் கீரைக்காரி மாதம்மா ரெண்டு நாளா வரலியே, அந்தக் கவலை. அவ வந்துட்டா வேற கவலை. மூலைக்கடை காளிதாஸ் போயிட்டான்னு அவதான் எனக்குச் சொன்னா. முந்தின நாள்தான் அவன்கிட்ட துவரம்பருப்பு வாங்கினேன். அப்புறம் அவளே, நந்தியாவட்டை மொட்டு விட்டிருக்கு பாருன்னா. வேற என்ன பேசறது சொல்லு.

உன்னப் பத்தி ரொம்பக் கவலைப்படுவா. ஒத்தப் பொண்ணு அங்க மாட்டிக்கிட்டாளேன்னு. கடைசில பாத்தா மாட்டிக்கிட்டது அவதான்.

மே பத்தோ பதினொண்ணோ. இருமிக்கிட்டேதான் பேசினா, தொண்டை கட்டிருக்குன்னா. மூணாம் நாள் ஆக்சிஜன் எண்பத்தெட்டுக்கு வந்துடுச்சு. ஆம்புலன்ஸ்ல ஏறும்போது என் ஜன்னலப் பாத்து, உமா, இவரப் பாத்துக்கோன்னு சைகை பண்ணினா. நானும் தலையாட்டினேன். உங்கப்பாவுக்கும் லேசா ஜுரம், வீட்டுலயே இருங்கன்னு சொல்லிட்டாங்க. நான் சாப்பாடு செஞ்சு கேட்ல மாட்டிட்டு வருவேன். அவர் வந்து எடுத்துட்டுப் போவார். ரசம் நல்லாயிருந்ததும்மான்னு அங்கிருந்தே கை காமிப்பார்.

அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியுமே. நாலாவது நாள் அவர் போயிட்டார். எல்லாத்தையும் நீ அங்கிருந்து ஃபோன்லதான் பாத்த. நம்ம ஆட்டோ சித்தையன் ஒருத்தன்தான் கூடப் போனான். அந்தப் பையன் சொன்னான், அக்கா, மொகம் மட்டும் பொண்ணுக்குக் காட்டிட்டேன்னு.

நீ அன்னிக்கு சாயந்திரம் எனக்கு ஃபோன் பண்ணி, ஆண்ட்டி, அம்மாகிட்ட சொல்லவேண்டாம், தாங்கமாட்டா, டாக்டரும் அதான் சொல்றார்னு அழுத. சரின்னேன். சரின்னு சொல்றது சுலபமா இருந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து அவ ஃபோன் வருதே, அப்பதான் தெரிஞ்சது.

மூச்சு வாங்கிக்கிட்டு பேசுவா. ரெண்டு வார்த்தை, ஒரு மூச்சு. மொதல்ல பூவத்தான் கேப்பா. அப்புறம், அவர் சாப்பிட்டாரா? சாப்பிட்டார், ரவா உப்புமா செஞ்சு குடுத்தேன். மாத்திரை போட்டாரா? போட்டார். ஃபோனக் குடேன். உங்கப்பாவுக்குத்தான் ஃபோன்ல சரியா கேக்காதே, அத வச்சுதான் சமாளிச்சேன். அவருக்குக் கேக்காதுடி, நான் கேட்லேர்ந்து கத்தித்தான் பேசறேன், நீ நல்லா இருக்கேன்னு சொல்லிடறேன்னு. இப்ப என்ன செய்யறார்னா, செடிக்குத் தண்ணி ஊத்தறார்ம்பேன். அவ சிரிப்பா. அவரா, ரோஜாவுக்கு வேர்லயே கொட்டுவாரே, மெதுவா ஊத்தச் சொல்லுன்னு சொல்லுவா.

அந்தச் செடிக்கெல்லாம் நான்தான் தண்ணி ஊத்தினேன் பிரதிபா. தினமும் காலையில போவேன். கேட்டத் திறந்து, உள்ள போய், குழாயத் திறந்து, ஒவ்வொரு தொட்டியா. எனக்குத் தோட்டத்துக் கைராசி கிடையாது. அந்த மே ஃப்ளவர் இருக்கே, செவப்பா பந்து மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவ வருமே, அதுக்கு ஜாஸ்தி ஊத்திட்டேன், கிழங்கு அழுகிப்போச்சு. அன்னபூர்ணி அதையேதான் தினம் கேப்பா. வந்துட்டதா உமா? வந்துட்டதுடி, இவ்வளவு பெருசுன்னேன். அவர் பாத்தாரா? பாத்தார், உன்னக் கேட்டார்னேன். அவ அழுதா. சந்தோஷத்துல அழுதா. வாய் கூசாம எப்படிச் சொன்னேன்னு இன்னிக்கும் எனக்கே தெரியல.

மூணு வாரம். டிஸ்சார்ஜ் ஆகி வந்து எறங்கினப்போ புடவை ஹேங்கர்ல தொங்கற மாதிரி இருந்தா. நானே அவகிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொன்னேனே, அதே மாதிரி சொன்னேன். அவ வீட்டு ஹால்ல, மாஸ்க்கக் கூட எடுக்காம, அன்னபூர்ணி, அவர் இல்லடின்னேன். என்னைக்குன்னா. சொன்னேன். அவ கணக்குப் போட்டுப் பாத்தா. அப்ப யாரு செடிக்குத் தண்ணி ஊத்தினதுன்னா. அதத்தான் மொதல்ல கேட்டா. நான்தான்னேன். என் கையப் பிடிச்சுக்கிட்டா. என்னப் பொழைக்க வச்சதே நீதான் உமான்னு அன்னிக்குச் சொல்ல ஆரம்பிச்சது, இன்னிவரைக்கும் நிறுத்தல. கல்யாண வீட்டுல, டெம்போல, மார்க்கெட்ல, யாரப் பாத்தாலும் இவ என் கூடப் பொறந்தவ மாதிரின்னு. நான் பேச்ச மாத்திடுவேன்.

இல்ல, தன்னடக்கமெல்லாம் இல்ல. கொஞ்சம் கேளு. நாளன்னிக்கு அவ ப்ளேன் ஏறிடுவா. திரும்பி எப்ப வருவாளோ, வருவாளோ மாட்டாளோ. இத்தன வருஷம் தினம் பதினொரு மணிக்கு அவ குரலக் கேக்கும்போதெல்லாம் சொல்லணும், சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். அவ, இன்னிக்கு எத்தனை பூ உமாம்பா. நான் பூ சொல்லிட்டு வச்சிடுவேன். இனிமே அவ அங்கேர்ந்து பேசினாலும் நான் பூதான் சொல்லப்போறேன். அதனாலதான் உன்னக் கூப்பிட்டேன்.

உங்கப்பாவோட ஃபோனப் பாத்திருப்பியே. கடைசியா பண்ணின கால் எனக்குத்தான். நீ பாத்துட்டுக் கேக்கலியா, இல்ல பாக்கவே இல்லியா? பாத்தியா. சரி.

காலையில ஒம்பது மணி இருக்கும். அங்கிள் குளிச்சிட்டிருந்தார். உமா, மூச்சு ஒரு மாதிரியா இருக்கும்மா, கொஞ்சம் வந்து பக்கத்துல இருக்கியான்னார். வரேன்னேன். அவருக்குக் கேக்கணுமேன்னு கத்திச் சொன்னேன், வரேன்னு. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணினேன், உடனே பண்ணினேன், அது சத்தியம். வண்டி எல்லாம் வெளிய இருக்கு, நேரம் ஆகும்னாங்க. செருப்பு போட்டேன். ரெண்டு மாஸ்க் போட்டேன். கதவுத் தாழ்ப்பாள்ல கை வச்சேன். அங்கிளுக்கு கிட்னி ரெண்டும் போயிருக்கு, நான் கொரோனாவ எடுத்துட்டு வந்தா அவர் ரெண்டு நாள் தாங்கமாட்டார்னு நெனச்சேன். ஆமா, அதான் காரணம். நீ சொல்றது சரி, யாரா இருந்தாலும் பயப்படுவாங்கதான். ஆனா மறுநாளே அதே கேட்டத் திறந்துக்கிட்டு செடிக்குத் தண்ணி ஊத்தப் போனேனே, அப்ப அந்தப் பயம் எங்க போச்சு?

போகல பிரதிபா. ஜன்னல்கிட்ட போய் நின்னேன். வண்டி வர முக்கா மணி ஆச்சு. முக்கா மணியும் அங்கதான் நின்னேன். எல்லார்கிட்டயும், நான் ஜன்னல்ல தற்செயலா பாத்தேன், சாஞ்சிருந்தார்னு சொன்னேன். தூக்கத்துலயே போயிட்டார்னு எல்லாரும் நம்பினாங்க. அன்னபூர்ணிக்கும் அதான் தெரியும். அவகிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம், நான் தடுக்கமாட்டேன்.

தூங்கல அவர். வாசப்படியில வந்து உக்காந்து என் கேட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தார். வீட்டுல எப்பவும் பனியன்தானே உங்கப்பா. அன்னிக்கு, நான் வரப்போறேன்னு, அந்த மூச்சுல உள்ள போய் ஒரு சட்டைய எடுத்துப் போட்டுட்டு வந்திருந்தார். மேல் பட்டன் ரெண்டும் போட முடியல போலருக்கு.